நடையின் பொருளை எண்ணுவது எவ்வாறு?

தாளபெட்டாவிலிருந்து மாதேஸ்வரன் மலைக்கு நடந்தேறுவோரில் கன்னடரும் உளர், தமிழரும் உளர். தமிழரின் ‘நட’ கன்னடருக்கு ‘நடெ’. அடிவாரத்தில் கால் நடக்கிறது. மேலே பூசை நடக்கிறது. மனிதரின் ஒழுக்கமோ நடத்தை. கன்னடமும் இம்மூன்றையும் அதே வேரிலிருந்து பெறுகிறது. ‘நடெ நுடி’ என்னும் இணைச்சொல் செயலையும் சொல்லையும் ஒருசேரச் சுட்டும். ஆங்கில ‘வாக்’ இவ்வளவு தூரம் ஏறுவதில்லை. அதில் பூசை நடவாது. (நாயை ‘வாக்’ செய்யலாம், தமிழர் நடத்துவதோ பெரும்பாலும் கடையும் பள்ளியும்.)

ஆயினும் நம் இருமொழி அகராதிகள் பல, ஆங்கில நிகர்ச்சொல் மாறும்போதெல்லாம் ‘நட’வுக்குப் புதிய பொருளெண் இடுகின்றன. அவ்வாறு எண்ணப்படுவது ஆங்கிலச் சொற்களேயன்றித் தமிழ்ப் பொருள்கள் அல்ல. ‘இரண்டு நடை மணல்’ என்பதில் நடை வெறும் எண்ணலளவையா, போய்வருதலின் நீட்சியா என்ற வினாவை அவ்வெண்கள் எழுப்புவதேயில்லை. அகராதியர் முதலில் கன்னட ‘நடெ’யோடு ஒப்புநோக்கிவிட்டுப் பொருளெண் இடட்டும்.