முதலில் நாம் படிப்போம்



சென்ற ஆண்டு கார்த்திகைத் திங்களில் ஊரிலிருந்து என் தந்தையாரின் கடிதம் வந்தது. பணி முடித்து நாகபுரி நிலையத்திலிருந்து நான் வீடு திரும்பியபோது, ஒன்பது வயது மகள் அதை விரித்து வைத்துக்கொண்டு, அடுக்களையில் இருந்த தன் தாய்க்கு உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். "அனைவரும் நலம். பசு கன்று ஈன்றிருக்கிறது. பாட்டிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது" என்று தடையின்றி ஓடிற்று அவள் குரல். என் உள்ளம் பூரித்தது.

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். அதில் பசுவும் இல்லை, கன்றும் இல்லை. என் தாயாருக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்ய நாள் குறித்திருப்பதாகத் தந்தையார் எழுதியிருந்தார். முந்திய கடிதத்தில் நான் படித்துக் காட்டியதைக் குழந்தை அப்படியே ஒப்பித்திருக்கிறாள்!

"ஏனம்மா இப்படி?" என்றேன்.

"எனக்கு எழுத்துத் தெரியாதே, அப்பா" என்று தலை கவிழ்ந்தாள்.

பள்ளியில் அவள் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் கற்கிறாள். தமிழோ அவளுக்குச் செவிவழிச் செல்வம் மட்டுமே. "தமிழ் படி" என்று நான் பலமுறை கடிந்ததுண்டு. ஆயினும், அவள் பிறந்த நாள்முதல் நான் ஒரு தமிழ் நூலை விரித்து அவள் கண்டதில்லை. கண்டதெல்லாம் என் கையில் கைப்பேசியைத்தான். திருமணத்தில் பரிசாக வந்த நூல்கள் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடந்தன. சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன், 1931ஆம் ஆண்டு வெளியிட்ட ஐந்து விதிகளில், நூல்கள் பயன்படுத்துவதற்கே உரியவை என்பதையே முதலாவதாக வைத்தார். என் வீட்டில் அந்த முதல் விதியே பிழைத்திருந்தது.

அன்றிரவே பூட்டைத் திறந்தேன். நாள்தோறும் விளக்கு வைத்தபின் கால் மணி நேரம் ஒரு கதை நூலை வாய்விட்டுப் படிக்கலானேன். குழந்தையை அழைக்கவில்லை. பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்தியவன் நான். பல இடங்களில் தடுமாறினேன். அவள் சிரித்தாள். இரண்டாம் வாரம் அருகில் வந்து அமர்ந்தாள். ஒருநாள், "அப்பா, நடுவே ஏதோ விட்டுவிட்டீர்கள், கதை பொருந்தவில்லை" என்றாள். பார்த்தால், இரண்டு வரிகளைத் தாண்டியிருந்தேன். அன்றுமுதல் அவள் கண்கள் என் விரலைத் தொடர்ந்தன.

தமிழ் எழுத்து 247 என்று மலைக்க வேண்டா. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. எஞ்சிய 216 உயிர்மெய்யும் இவற்றின் சேர்க்கையே. ஆசை பிறந்தபின் அவற்றைப் பலகையில் எழுதிக் கற்பிப்பது என் மனைவிக்கு எளிதாயிற்று.

கோடை விடுமுறையில் ஊருக்குப் புறப்பட்டோம். ஆந்திர எல்லையைக் கடந்து ஆரம்பாக்கம் வழியே வண்டி தமிழகத்துள் நுழைந்தது. அடுத்து ஓரிடத்தில் சைகைக்காக நின்றது. மஞ்சள் பலகையைப் பார்த்து மகள் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினாள்: "கும்...மிடிப்...பூண்டி!" நிலையப் பெயர்களையே நாள்முழுதும் எழுதிப் பிழைக்கும் எனக்கு, அப்பெயர் அன்று புதிதாய் ஒலித்தது.

சென்ற வாரம் தந்தையார் கடிதத்தை அவள் பெயருக்கே எழுதியிருந்தார். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் பள்ளியில் பயின்றவராதலால், பழைய வடிவில் எழுதிய 'லை' ஒன்று மட்டும் அவளைத் திகைக்க வைத்தது. மற்றவை அனைத்தையும் தானே படித்தாள். பாட்டிக்குக் கண் நன்றாகத் தெரிகிறதாம். இம்முறை, கடிதத்தில் இருந்ததையே படித்தாள்.

தாய்மார்களே, தந்தைமார்களே! பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுமுன், இன்றிரவு அவர்கள் காண நாம் ஒரு நூலை விரிப்போமாக. படிக்கத் தடுமாறினாலும் வெட்கமில்லை. அந்தத் தடுமாற்றத்தையும் அவர்கள் காணட்டும்.