மருந்தும் விரதமும் ஒரே வீட்டில்

சிங்கப்பூரில் ஒருவர் என்ன சாப்பிடுகிறார், எந்த நாளில் சாப்பிடாமல் இருக்கிறார், நோய் வந்தால் முதலில் யாரிடம் சொல்கிறார் என்பதையெல்லாம் மருத்துவர் மட்டும் முடிவு செய்வதில்லை. அவர் வழிபடும் இடத்திற்கும் அதில் பங்குண்டு. சிராங்கூன் சாலையில் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில், அங்குலியா பள்ளிவாசல், ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில், சற்றுத் தள்ளி ஓஃபிர் ரோட்டில் லூர்து மாதா தேவாலயம் என்று அடுத்தடுத்து வழிபாட்டுத் தலங்களைப் பார்த்து வளர்ந்த இளையர்களுக்கு இது புதிய செய்தி அன்று.

உடல்நலத்தைப் பாதிக்கும் சமூகக் காரணிகள் என்று வருமானம், கல்வி, வீடு, வேலை ஆகியவற்றைப் படிக்கிறோம். அந்தப் பட்டியலில் சமயத்துக்கும் இடமுண்டு. ஆனால், அதைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் இரண்டு தவறுகள் நேர்கின்றன. நம்பிக்கை இருந்தால் நோய் அண்டாது என்பது ஒன்று. நம்பிக்கைதான் மருத்துவத்துக்குத் தடை என்பது மற்றொன்று. நம் நாட்டின் அனுபவம் இரண்டையும் மறுக்கிறது.

மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 1987ல் நிறைவேறிய அச்சட்டத்தின்படி, விபத்தில் இறப்பவர் உயிருடன் இருந்தபோது மறுப்புத் தெரிவித்திருக்காவிட்டால், அவரது சிறுநீரகங்களை நோயாளிகளுக்குப் பொருத்தலாம். முஸ்லிம்களுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. விரும்பிய முஸ்லிம்கள் தாமாக முன்வந்து பதிவு செய்துகொள்ளலாம். ஆனால், பதிவு செய்யாத ஒருவருக்கே சிறுநீரகம் தேவைப்பட்டால், காத்திருப்போர் பட்டியலில் அவருக்கு முன்னுரிமை கிடைக்காது. சிறுநீரகச் செயலிழப்பால் மலாய் சமூகம் தன் மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகமாகப் பாதிக்கப்படுகிறது. உதவி அதிகம் தேவைப்பட்டவர்களே வரிசையில் பின்னால் நிற்க நேர்ந்தது.

இந்த நிலையை மாற்றியதில் மருத்துவர்களுக்கு இணையான பங்கு சமய அறிஞர்களுக்கும் உண்டு. முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஃபத்வா குழு, 1973ல் உறுப்பு மாற்றுச் சிகிச்சையை ஏற்கவில்லை. 1986ல் சிறுநீரக தானத்தை அனுமதித்தது. 2007ல், முஸ்லிம்களையும் இச்சட்டத்தில் சேர்க்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2008 ஆகஸ்ட் 1 முதல் சட்டம் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது. விருப்பமில்லாதவர் மறுப்புத் தெரிவிக்கும் உரிமையும் அனைவருக்கும் பொதுவாக இருக்கிறது.

இந்த மாற்றத்தில் யாரும் தம் நம்பிக்கையைக் கைவிடவில்லை. மருத்துவம் சொன்னதைச் சமய அறிஞர்கள் காதுகொடுத்துக் கேட்டார்கள். தம் மரபுக்குள்ளேயே அதற்கு விடை தேடினார்கள். அதை மக்கள் நம்பும் மொழியில் எடுத்துச் சொன்னார்கள். அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தது என்பதும் உண்மை. சிகிச்சைக்காகக் காத்திருந்தவர்களுக்கு அது மிக நீண்ட காலம்.

கொவிட்-19 காலத்தில் இதே வேலை விரைவாக நடந்தது. 2020 மார்ச் 13ஆம் தேதி பள்ளிவாசல்கள் மூடப்பட்டு, வெள்ளிக்கிழமைத் தொழுகை நிறுத்தப்பட்டது. 2021 தைப்பூசத்தில் சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை செல்லும் காவடி ஊர்வலம் நடைபெறவில்லை. பக்தர்கள் முன்பதிவு செய்து, குறித்த நேரத்தில் வந்து வழிபட்டுச் சென்றார்கள். அரசாங்கத்தின் கட்டுப்பாடு ஒருபக்கம் இருக்க, கோயிலும் பள்ளிவாசலும் அதைத் தம் சொல்லாகவே சொன்னபோது மக்கள் மனமுவந்து ஏற்றார்கள்.

பெருந்தொற்று ஓய்ந்துவிட்டது. நம் வீடுகளில் ஓயாத நோய் நீரிழிவு. 2010ல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, 18 முதல் 69 வயது வரையிலான சிங்கப்பூர்வாசிகளில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 17.2 விழுக்காடு. இது இனவாரியான கணக்கு என்பதை மாணவர்கள் மறந்துவிடக் கூடாது. மரபணு, உணவு, உடலுழைப்பு, வருமானம் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. சமயம்தான் காரணம் என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால், நோய் வந்தபின் அதை ஒருவர் எப்படிச் சமாளிக்கிறார் என்பதில் சமயம் நேரடியாகக் குறுக்கிடுகிறது. விரதம் அதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

நீரிழிவுக்கான சில மாத்திரைகளும் இன்சுலினும், நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ரத்தச் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே இருக்கும். வழக்கமான அளவில் மருந்தை எடுத்துக்கொண்டு நாள் முழுதும் பட்டினி கிடந்தால் சர்க்கரை அளவு சரிந்து மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். பயந்து மருந்தை அடியோடு நிறுத்தினால் சர்க்கரை ஏறிவிடும். 2001ல் 13 நாடுகளில் 12,000க்கும் அதிகமான முஸ்லிம் நீரிழிவு நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் ரமலானில் குறைந்தது 15 நாள்கள் நோன்பிருந்தார்கள். கடுமையான சர்க்கரைக் குறைவு அவர்களிடையே மற்ற மாதங்களைவிட 7.5 மடங்கு அதிகமாக ஏற்பட்டது.

‘நோன்பு இருக்காதீர்கள்’ என்ற ஒற்றை அறிவுரை பலரிடம் எடுபடாது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். அப்படிச் சொல்லும் மருத்துவரிடம் அடுத்த முறை நோயாளி உண்மையைச் சொல்லாமல் விட்டுவிடுவார். அதைவிடப் பயனுள்ள வழி இருக்கிறது. நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்வது, நோன்பின்போது விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வது, அளவு 3.9க்குக் கீழே இறங்கினால் உடனே நோன்பை முறிப்பது. விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்கள் விளக்கியுள்ளனர். உடல்நலம் குன்றியவருக்கு நோன்பிலிருந்து இஸ்லாமே சலுகை தருகிறது.

சஷ்டி, ஏகாதசி, தைப்பூச விரதம் இருக்கும் இந்துக் குடும்பங்களுக்கும் இதே பாடம் பொருந்தும். மருந்துக்கு மதம் தெரியாது. நாமோ விரதம் என்றால் உடலுக்கு நல்லது என்றும், சைவம் என்றால் ஆரோக்கியம் என்றும் எண்ணிக்கொள்கிறோம். வெள்ளைச் சோறு, நெய் வழியும் சர்க்கரைப் பொங்கல், பாயசம், கேசரி எல்லாமே சைவம்தான். இறைவனுக்குப் படைத்ததை மறுக்கக் கூடாது என்று தட்டு நிறைய வாங்கி உண்ணும் பெரியவரிடம், ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டாலும் அது பிரசாதம்தான் என்று அன்போடு சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும்.

விரதத்தின் இன்னொரு பக்கத்தையும் பார்க்கவேண்டும். காவடி எடுக்க நேர்ந்துகொண்டவர் பல வாரங்களுக்கு மதுவையும் சிகரெட்டையும் தொடுவதில்லை. ரமலானில் புகைபிடிப்பவர்கள் விடியல் முதல் அந்தி வரை அதை விட்டிருக்கிறார்கள். எத்தனையோ சுகாதார இயக்கங்களால் முடியாததை ஒரு நேர்த்திக்கடன் செய்து காட்டுகிறது. ஊர்வலம் முடிந்த மறுநாளே பழைய பழக்கத்துக்குத் திரும்புவதுதான் வேதனை. அந்த மனவுறுதியை ஆண்டு முழுதும் நீடிக்கச் செய்வது எப்படி என்று கோயில் நிர்வாகங்களும் சுகாதாரத் துறையும் சேர்ந்து யோசிக்கலாம்.

இப்படிப்பட்ட உரையாடல் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழகத்தின் ஏர்வாடி கொடிய சாட்சி. மனநோய் குணமாகும் என்ற நம்பிக்கையில் அங்குள்ள தர்காவுக்குப் பலர் அழைத்து வரப்பட்டார்கள். அவர்களைத் தங்கவைக்கச் சுற்றிலும் தனியார் காப்பகங்கள் முளைத்தன. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலையில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். நம்பிக்கையோடு வந்த குடும்பங்களுக்கு மருத்துவம் எட்டாத தொலைவில் இருந்தது. அந்த இடைவெளியைக் கண்காணிப்பில்லாத காப்பகங்கள் நிரப்பின. பின்னர் அரசாங்கம் தர்காவுக்கு வருவோருக்கு அங்கேயே மனநல மருத்துவம் கிடைக்க ஏற்பாடு செய்தது. பிரார்த்தனையை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் மருந்தையும் வைத்தார்கள்.

சிங்கப்பூரில் சங்கிலிகள் இல்லை. மௌனம் இருக்கிறது. 2016ல் நடந்த மனநல ஆய்வின்படி, ஏழு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதேனும் ஒரு மனநலப் பிரச்சினையை எதிர்கொண்டுள்ளார். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் நிபுணரின் உதவியை நாடவில்லை. கர்மவினை என்றும் கண்ணேறு என்றும் சொல்லி நாள்களைக் கடத்துவதும் இந்த மௌனத்தின் ஒரு வடிவமே.

உயர்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கும் உங்களுக்கு இதில் வேலை இருக்கிறது. வீட்டில் மருந்துச் சீட்டின் ஆங்கிலத்தையும் பாட்டியின் தமிழையும் ஒருசேரப் புரிந்துகொள்பவர் பெரும்பாலும் நீங்கள்தான். அடுத்த விரதத்துக்கு முன்பே பெரியவர்களைக் குடும்ப மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ‘விரதம் இருக்கப் போகிறார்கள், மருந்தை எப்படி மாற்றுவது’ என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். மனம் சோர்ந்த நண்பர் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போக விரும்பினால் உடன் செல்லுங்கள். 1771 என்ற மனநல உதவி எண்ணையும் அவரிடம் கொடுங்கள்.

21 வயதானதும் நீங்களும் உறுப்பு மாற்றுச் சட்டத்தின்கீழ் வருவீர்கள். உங்கள் நம்பிக்கை அதைப் பற்றி என்ன சொல்கிறது, உங்கள் விருப்பம் என்ன என்று பெற்றோரிடம் இப்போதே பேசிவிடுங்கள். மருத்துவமனையில் துயரத்தோடு நிற்கும் வேளையில் அந்தக் கேள்வியை முதன்முதலாகக் கேட்க நேர்வது எந்தக் குடும்பத்துக்கும் கொடுமை.