செலவின்றிக் காணத்தக்க ஒரு துறைமுகப் பட்டினம்

ஊர் பார்க்கப் புறப்படுவது செல்வர்க்கே உரிய செயல் என்னும் எண்ணம் நம் சங்க அங்கத்தினர் பலரிடத்தும் வேரூன்றியிருக்கிறது. நெசவாளர் சங்கம் ஒன்றின் பொதுக்குழுவில் சுற்றுலாவைப் பற்றிய பேச்சு எழுந்தபோது, "கையில் காசு இருந்தாலன்றோ கண்ணுக்குக் காட்சி?" என்று முதியவர் ஒருவர் கேட்டார்; அவையினரும் தலையசைத்தனர். அக்கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஊர் பார்ப்பதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. ஆனால் சிக்கனம் காட்ட வேண்டிய இடம் ஒன்று, காட்டலாகாத இடம் மற்றொன்று. இரண்டையும் நாம் மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறோம். 2024 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இரண்டு நாள் சுற்றிப் பார்த்த சார்ல்ஸ்டன் என்னும் பட்டினம் இதனை நமக்கு நன்கு உணர்த்தியது.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில், தென் கரோலினா மாநிலத்தின் கடற்கரையில் உள்ளது அவ்வூர். அத்துணைத் தொலைவு சென்றவர் சிக்கனத்தைப் பற்றிப் பேசுவதா என்று நகைப்பவர் இருக்கலாம். விமானக் கட்டணம் நம்முடையதன்று. அம்மாநிலத் தலைநகரான கொலம்பியாவில் வாழும் தமக்கையார், நம் தாயாரைத் துணையாக இருந்து அழைத்து வரும்பொருட்டு அனுப்பிய பணம் அது. கூட்டுறவு ஆய்வாளரின் ஊதியம் இன்னதென்று அங்கத்தினர் அறிவர். மகனோ மகளோ அயல்நாட்டில் வாழ, அவர்களைக் காணச் சென்று வரும் குடும்பங்கள் நம் சங்கங்களிலும் இப்போது சில உள. அவர்கட்கு இது நேரே பயன்படலாம். ஏனையோர்க்கும் பொருந்தும் செய்தி இதில் உண்டு.

1670 இல் ஆங்கிலேயர் அமைத்த குடியிருப்பு, 1680 இல் ஆஷ்லி, கூப்பர் என்னும் ஆறுகளுக்கு இடைப்பட்ட இப்போதைய நிலமுனைக்கு மாற்றப்பட்டது. பழைய நகர் முழுவதையும் காலால் நடந்தே பார்த்துவிடலாம். கால் ஓய்ந்தால் ஏறிக்கொள்ளக் கட்டணம் கேட்காத நகரப் பேருந்து இருந்தது. தாயாருக்கு அது பேருதவியாயிற்று. நிலமுனையின் தென்கோடியில் 'பாட்டரி' என்னும் கடற்சுவரின்மேல் நின்றால், 1861 ஏப்ரல் 12 ஆம் நாள் உள்நாட்டுப் போரின் முதற்குண்டுகள் பாய்ந்த சம்டர் கோட்டை, நீரின் நடுவே ஒரு கருங்கோடாகத் தெரியும். படகேறி அங்குச் செல்லப் பணம் வேண்டும். சுவரின்மேல் நின்று நோக்க வேண்டுவதில்லை. கூப்பர் ஆற்றின்மேல் 2005 இல் திறக்கப்பெற்ற ராவெனல் பாலத்தில் நடப்போர்க்கெனத் தனிப்பாதை வைத்திருக்கின்றனர். ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலத்தின் நடுவில் நின்றால், காலடியில் கப்பல் போகும். துறைமுகம் என்பது பழங்கதையன்று, இன்றும் உழைக்கும் இடம் என்பதை அங்கு நின்றபோது உணர்ந்தோம்.

வீடுகளும் அவ்வாறே. தெருவை நோக்கி ஓர் அறை அகலமே காட்டி, உள்ளே நீண்டு செல்லும் வீடுகள் அவை. பக்கவாட்டில் நெடிய தாழ்வாரம். அத்தாழ்வாரத்திற்குத் தெருவிலிருந்து ஒரு கதவு. வெப்ப நாட்டார் காற்றை வரவழைக்கக் கண்ட வழிகள் எங்கும் ஒன்றுபோலவே இருக்கின்றன. இவற்றுட் சிலவற்றில் உட்சென்று, சரவிளக்கும் நாற்காலியும் பார்க்கச் சீட்டு விற்கின்றனர். நாம் வெளியிலிருந்தே பார்த்தோம். பார்த்தவற்றுள் நம் மனத்தில் நின்றது சரவிளக்கன்று, செங்கல். பழைய செங்கற்கள் சிலவற்றில் விரற்பதிவுகள் உள்ளன. ஈரக் கல்லைச் சூளைக்கு எடுத்து வைத்த அடிமைகளின் விரல்கள் அவை. அவற்றுட் சில சிறுவருடையவை. தாயார் தம் விரலை அதில் வைத்துப் பார்த்தார். அது பொருந்தவில்லை, அவ்வளவு சிறிது.

இந்நகரின் செல்வம் வயலிலிருந்து வந்தது; ஆதலின் நம் உழவர் அறிதல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிருந்து கப்பலேறியவற்றுள் தலையாயது அரிசி. அடுத்தது அவுரி நீலம். பின்னர்ப் பருத்தி. கடலின் ஏற்றவற்றத்தால் உயர்ந்து தாழும் ஆற்று நன்னீரை மரமதகு வைத்து வயலில் ஏற்றியும் வடித்தும் நெல் விளைத்தனர். அவ்வரப்புகளை வெட்டியவரும், சேற்றில் நின்றவரும், உரலில் குற்றியவரும் ஆப்பிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட அடிமைகள். அவர்களுட் பலர் தம் தாயகத்திலேயே நெல் விளைத்தறிந்தவர். அவர்களது கைத்திறனும் அறிவும் சேர்ந்தே விலை போயின. அவுரியோ, விடுதலைப் போருக்குப் பின் ஆங்கிலச் சந்தையையும் அரசின் உதவித்தொகையையும் இழந்து நலிந்தது. ஆங்கிலேயர் வங்காளத்து அவுரியின்பால் திரும்பினர். அங்கு அடிமை பட்ட பாட்டை, இங்குக் கடனில் கட்டுண்ட குடியானவன் வேறு வகையில் பட்டான்.

வட அமெரிக்காவுக்குக் கொணரப்பட்ட அடிமைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பதின்மர் இத்துறைமுகத்தின் வழியே வந்தனர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு. அவர்கள் இறக்கப்பட்ட இடங்களுள் ஒன்றான காட்ஸ்டன் துறையில் 2023 ஆம் ஆண்டு அனைத்துலக ஆப்பிரிக்க அமெரிக்கர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அக்கட்டடம் தரையைத் தொடாமல் தூண்களின்மேல் நிற்கிறது. மேலே செல்லச் சீட்டு உண்டு. கீழே உள்ள நினைவுத் தோட்டம் அனைவர்க்கும் திறந்தது. கப்பலின் அடித்தட்டில் மனிதரை நெருக்கிக் கிடத்திய வண்ணமே தரையில் உருவங்கள் வடிக்கப்பெற்றிருக்கின்றன. அவற்றின்மேல் நீர் ஏறுகிறது, வடிகிறது. நாம் அங்கே ஒரு மணி நேரத்திற்கு மேல் இருந்தோம். ஒரு காசும் செலவில்லை.

நெசவாளர்க்கு இரு செய்திகள் கூறுவோம். முதலாவது, 1740 இல் அம்மாநிலத்தார் இயற்றிய அடிமைச் சட்டம். முந்திய ஆண்டு ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்ததன் விளைவு அது. அடிமை உடுத்தலாகும் துணிகள் இன்னின்ன என்று முரட்டுத்துணிகளின் பெயர்களை அச்சட்டம் வரிசைப்படுத்தியது. மானம் காக்கும் துணியை இழிவின் அடையாளமாக்கச் சட்டம் செய்தனர்! இரண்டாவது, நம்மைச் சார்ந்தது. சோழமண்டலக் கரையில் நெய்து நீலம் தோய்த்த துணிகளை ஐரோப்பிய வணிகர் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். அங்கு மனிதரை வாங்கக் கொடுத்த பண்டங்களுள் அத்துணிகளும் இருந்தன. நெய்தவன் அதை அறியான். அவன் வணிகனிடம் பெற்ற முன்பணத்தில் மூழ்கிக் கிடந்தான். எனினும் நம் தறியின் நூலிழை ஒன்று அத்துறைவரை ஓடியிருக்கிறது என்பதை மறைத்தல் ஆகாது.

சீட்டு வாங்குதலே கூடாது என்பது நம் கட்சியன்று. ஒரே ஒரு வீட்டிற்கு வாங்கினோம். ஏக்கன்-ரெட் மாளிகை என்பது அதன் பெயர். அவ்வீட்டைப் புதுக்காமல், இருந்த நிலையிலேயே காத்து வருகின்றனர். பின்கட்டில் அடிமைகள் வாழ்ந்த அறைகளும், குதிரைக் கொட்டிலும் அப்படியே நிற்கின்றன. முன்கட்டை மட்டும் காட்டும் வீடுகளுக்குக் கொடுக்கும் பணத்தினும் இதற்குக் கொடுத்தது தகும்.

உணவுக்குக் கட்டுச்சோறே துணை. தமக்கையார் புளியோதரை கட்டிக் கொடுத்திருந்தார். காராமணியும் அரிசியும் சேர்த்துப் பொங்கும் சோறு அவ்வூரில் பெயர் பெற்றது. பன்றி இறைச்சி சேர்ப்பது வழக்கமாதலின் தாயார் கேட்டதோடு நிறுத்திக்கொண்டார்.

இவ்வாறு சேமித்துக்கொண்டே சென்ற நாம், இரண்டாம் நாள் நகரச் சந்தையில் தவறு செய்தோம். நீண்ட கொட்டகைகளாக அமைந்த பழஞ்சந்தை அது. அங்கே கல்லா கீச்சி எனப்படும் ஆப்பிரிக்க அமெரிக்க மரபினர், இன்புல் என்னும் கடற்கரைப் புல்லைச் சுருள் சுருளாக வளைத்து, பனையோலை போன்ற நாரால் தைத்துக் கூடை செய்து விற்கின்றனர். நெல் புடைக்க அடிமைகள் முடைந்த முறமே இக்கலையின் மூலம். முந்நூறு ஆண்டாகத் தாய் மகளுக்குக் கற்பித்து வந்தது. 2006 இல் மாநிலத்தின் கைத்தொழில் என்னும் சிறப்பையும் பெற்றது. கடற்கரைத் தீவுகளில் மாளிகைகளும் விடுதிகளும் பெருகியமையால் புல் கிடைப்பதே இப்போது அருமை.

உள்ளங்கை இரண்டில் அடங்கும் கூடை ஒன்றுக்கு முதிய அம்மையார் அறுபது டாலர் கூறினார். நாமோ நாற்பதுக்குத் தருமாறு கேட்டோம். கூலியைக் குறைத்து நெசவாளரை வாட்டும் வணிகரைத் திங்கள்தோறும் கண்டித்து அறிக்கை எழுதும் கை, அங்கே விலையைக் குறைக்க நீண்டது! அவ்வம்மையார் சினக்கவில்லை. மடியில் இருந்த அரைகுறைக் கூடையையும், கரண்டிக் காம்பைத் தேய்த்துச் செய்த ஊசியையும் நம்மிடம் கொடுத்து, ஒரு தையல் போட்டுப் பார்க்கச் சொன்னார். மூன்று முறை முயன்றோம். நார் கிழிந்தது, சுருள் நெகிழ்ந்தது. அருகில் இருந்த தாயார் வாங்கி ஒரு தையல் போட்டார். அவர் பாவோட்டிய கையினர். அம்மையார் தலையசைத்தார். நாம் அறுபது டாலரை எடுத்து வைத்தோம்.

கடற்சுவரில் நிற்பதற்கும், பாலத்தில் நடப்பதற்கும், தெருவில் வீடு பார்ப்பதற்கும் காசு கொடாமையால் எவர் வயிறும் காயவில்லை. கூடையில் குறைக்க நினைத்த இருபது டாலர் ஒருவரது ஒரு நாளுணவு. இரண்டையும் ஒரே சொல்லால் சிக்கனம் என்று அழைத்தோம்.

நம் சங்கங்கள் நடத்தும் சுற்றுலாக்களிலும் இதையே காண்கிறோம். பேருந்துக்கும் விடுதிக்கும் சிற்றுண்டிக்கும் கணக்கின்றிச் செலவிட்டுவிட்டு, வேற்றூர்ப் பாய் முடைவோரிடமும் பானை வனைவோரிடமும் பத்து ரூபாய்க்கு வாதாடுகின்றனர். வாதாடுவோர், தம் சேலைக்குப் பேரம் பேசிய வாடிக்கையாளரை ஏசிய அதே நெசவாளர்கள். மகாபலிபுரம் கடற்கரையிலும் தரங்கம்பாடித் தெருக்களிலும் நடக்கக் கட்டணம் யாரும் கேட்பதில்லை. கட்டுச்சோறு கட்டுவது நம் பெண்டிர்க்குப் புதிதுமன்று. அவ்வாறு மிஞ்சும் தொகையில் ஒரு பகுதியை, செல்லும் ஊரின் கைவினைஞரிடம் கூறிய விலைக்கே வாங்குவதற்கென்று செலவுத் திட்டத்தில் முன்கூட்டியே ஒதுக்கலாம். நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொண்டு வருவரேல், நம் வட்டத்துச் சங்கங்களின் கணக்கில் அச்செலவின்மேல் நாம் தடைக்குறிப்பு எழுதப்போவதில்லை. பற்றுச்சீட்டு மட்டும் ஒழுங்காக இருத்தல் வேண்டும்.