பக்கத்து வீட்டுக்காரன் பகைவனா?



சென்ற மாதம் திருப்பதியில் உறவினர் வீட்டுத் திருமணம் முடிந்து, நாங்கள் ஏழெட்டுப் பேர் ஓர் ஓட்டலுக்குச் சாப்பிடப் போனோம். பரிமாறிய பையனை ஊர் கேட்டோம். மணிப்பூர் என்றான். அப்படியிருந்தும் எங்களில் ஒருவர், "ஏ சைனா, தண்ணி கொண்டா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பையன் சிரிக்கவில்லை. சித்தூர் திரும்பிய பிறகும் அந்த முகம் என்னை விடவில்லை.

அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நம் நாட்டில் ஒரு சோகக் கதை இருக்கிறது. 1830-களில் அசாமில் தேயிலை பயிரிட ஆங்கிலேயர் சீனத் தொழிலாளர்களை அழைத்து வந்தனர். சீன வம்சத்தார் அசாமின் மாகும் போன்ற ஊர்களில் உள்ளூர்ப் பெண்களை மணந்து, அசாமிய மொழி பேசி வாழ்ந்தனர். கொல்கத்தா டாங்கராவில் தோல் பதனிட்டனர். நம் சென்னையிலும் பல் வைத்தியம் செய்து நல்ல பெயர் எடுத்தனர்.

1962 அக்டோபரில் சீனப் போர் மூண்டது. நவம்பரில் அசாம், டார்ஜிலிங், ஷில்லாங் பகுதிகளில் கைக்குழந்தை முதல் கிழவர் வரை பிடித்து, ராஜஸ்தானிலுள்ள தேவ்லி முகாமில் அடைத்தனர். ஏறக்குறைய 3,000 பேர். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. சண்டை ஒரு மாதத்தில் ஓய்ந்தது. ஆனால் கடைசியாக இருந்தவர்கள் விடுதலையானது 1967-இல்தான்.

நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு பார்த்தவன். ஸ்பெஷல் வண்டி வருகிறதென்றால் பாதையைச் சரியாக வைப்போம். உள்ளே யார் என்று கேட்க மாட்டோம். அசாமிலிருந்து தேவ்லிக்கு ஒரு வாரம் ரயிலில் போனதையும், வழியில் கல்லெறி பட்டதையும் அவர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். படித்தபோது மனம் கலங்கியது. 1963-இல் ஈராயிரம் பேருக்கு மேல் கப்பலேறிச் சீனா போனார்கள். கப்பல்கள் புறப்பட்டது நம் சென்னைத் துறைமுகத்திலிருந்துதான்.

திரும்பி வந்தவர்களில் பலருக்கு வீடும் கடையும் ஏலத்தில் போயிருந்தன. பயத்தில் பெற்றோர் பிள்ளைகளிடம்கூட வாய் திறக்கவில்லை. பலர் கனடாவுக்குப் போய்ப் புதுவாழ்வு தொடங்கினர். தேவ்லி முகாமிலேயே பிறந்த ஜாய் மா, திலீப் டிசூசாவுடன் சேர்ந்து 2020-இல் இதைப் புத்தகமாக்கினார். நம் பேரப்பிள்ளைகள் விரும்பித் தின்னும் மஞ்சூரியனை உருவாக்கியவராகச் சொல்லப்படும் நெல்சன் வாங்கும் கொல்கத்தாவில் பிறந்த சீனரே. விழுந்த இடத்திலேயே எழுந்து நின்றவர்கள் இவர்கள்.

"2020-இல் கல்வானில் நம் வீரர்கள் 20 பேர் உயிர் நீத்தார்களே, கோபம் வராதா?" என்று கேட்பீர்கள். வரத்தான் செய்யும். ஆனால் அது பீஜிங் அரசின் மேல் வரவேண்டிய கோபம். டாங்கராவில் செருப்பு தைப்பவர் என்ன செய்வார்? 1991 டிசம்பரில் காவிரிக்காக பெங்களூரில் கலவரம் நடந்தபோது, அங்கிருந்த என் ஒன்றுவிட்ட அண்ணன் குடும்பம் உடுத்திய துணியோடு சித்தூரில் என் வீட்டுக்கு வந்தது. அவர் அங்கே இருபது வருடம் லேத் ஓட்டியவர். காவிரியை அவரா மறித்தார்? இங்கே நம்மை "அரவவாடு" என்று ஏளனமாகச் சொன்னால் நமக்குச் சுருக்கென்கிறது. நம் வாயிலிருந்து "சைனா" வந்தால் மட்டும் அது வேடிக்கையா?

சீனர்மேல் விதித்த தலைவரிக்காகக் கனடா அரசு 2006-இல் மன்னிப்புக் கேட்டது. தேவ்லிக்காக நம் அரசும் கேட்க வேண்டும். அதற்கு முன் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஓட்டலிலோ ரயிலிலோ அப்படி ஒரு முகத்தைக் கண்டால் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லி அழைப்போம். யாராவது கேலி செய்தால், என்னைப்போல் சிரிக்காமல் "வேண்டாம் அப்பா" என்று சொல்வோம். பிற மொழி மண்ணில் பிழைக்கும் நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?