மாராவுக்கு இன்னொரு லாட்ஜ் வேண்டாம்

காசு கொண்டுவரும் விலங்குதான் பிழைக்கும் என்றொரு வாசகம் ஆப்பிரிக்க வனவிலங்குச் சுற்றுலா உலகில் பல பத்தாண்டுகளாகச் சுற்றிவருகிறது. விடுதித் திறப்பு விழாக்களில் அமைச்சர்கள் சொல்கிறார்கள், முதலீட்டாளர் கூட்டங்களில் ஓட்டல் அதிபர்கள் சொல்கிறார்கள், பயண இதழ்கள் பளபளக்கும் படங்களுக்கு நடுவே அச்சிடுகின்றன. வாசகத்தோடு நிறுத்திக்கொண்டால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதன் முதுகில் ஏறி இன்னொரு வாதமும் கூடவே வந்துவிடுகிறது: சுற்றுலாவால்தான் காடு பிழைக்கிறது, ஆகவே எத்தனை லாட்ஜ் கட்டினாலும் அத்தனையும் காட்டுக்கு நல்லது. முதல் பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரண்டாம் பாதி பொய். அந்தப் பொய்க்குக் கென்யாவின் மாசாய் மாரா காப்பகம் கொடுத்திருக்கும் விலையைப் பார்த்த பிறகும் அதையே திரும்பத் திரும்பச் சொல்வது அக்கிரமம்.

மாராவின் பரப்பு சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். தெற்கே எல்லையைத் தாண்டினால் தான்சானியாவின் செரெங்கெட்டி. அது மாராவைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு. செரெங்கெட்டியில் வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான் இன விலங்குகள் பத்து லட்சத்துக்கும் மேல் உண்டு என்பது நெடுநாளைய மதிப்பீடு. ஜூலை வாக்கில் அவற்றின் பெருங்கூட்டங்கள் வரிக்குதிரைகளோடு சேர்ந்து, புல்லையும் தண்ணீரையும் தேடி இந்தச் சின்ன நிலத்துக்குள் நுழைகின்றன. உலகமே பார்க்க வருவது அதைத்தான். 1960களில் கீகொரொக் என்ற ஒரு லாட்ஜோடு ஆரம்பித்த இடத்தில், இன்று காப்பகத்துக்கு உள்ளும் விளிம்பிலுமாக நூற்றுக்கும் மேற்பட்ட விடுதிகளும் கூடார முகாம்களும் நிற்கின்றன. இதற்கு மேல் தாங்காது என்று காப்பகத்தின் 2023-2032 மேலாண்மைத் திட்டமே புதிய தங்குமிடங்களுக்குத் தடை போட்டது. அந்தத் திட்டம் நடப்பில் இருக்கும்போதே, 2025 ஆகஸ்டில், தான்சானிய எல்லையை ஒட்டிய சாண்ட் ஆற்றங்கரையில் ரிட்ஸ்-கார்ல்டன் பெயரில் 20 கூடாரங்கள் கொண்ட சொகுசு முகாம் திறக்கப்பட்டது. திறந்தபோது ஓர் இரவுக்குச் சுமார் 3,500 டாலர். விலங்குகள் இடம்பெயரும் பாதையை இது மறிக்கிறது என்று மாசாய் ஆய்வாளர் மெய்தாமெய் ஓலோல் டாபாஷ் மாரா அமைந்துள்ள நரோக் மாவட்டத்தின் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு என்ன ஆனாலும் சரி, அதையொட்டி விடுதித் தரப்பும் அரசுத் தரப்பும் எடுத்துவைத்த வாதங்கள் மாராவில் காலங்காலமாக ஓதப்பட்டு வருபவைதான். அவற்றுக்கு ஒரு முறையாவது பதில் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, ஒரு முகாம் பிடிக்கும் இடம் சில ஏக்கர்தானே என்ற வாதம். 1,510 சதுர கிலோமீட்டரில் 20 கூடாரம் எந்த மூலைக்கு என்று கேட்கிறார்கள். மாராவின் நிலம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதை வசதியாக மறந்துவிட்டு எழும் கேள்வி இது. அங்கே பெரும்பகுதி திறந்த புல்வெளி. மரமும் நிழலும் வறட்சியிலும் வற்றாத மடுவும் இருப்பது மாரா, தாலெக், சாண்ட் ஆகிய ஆறுகளை ஒட்டிய ஒல்லியான கரையோரத்தில்தான். யானைக்கும் சிறுத்தைக்கும் கோடையில் ஒதுங்க இருப்பது அந்தக் கரை. லாட்ஜ் கட்டுகிறவர்களும் அந்தக் கரையைத்தான் கேட்கிறார்கள், ஏனென்றால் விருந்தாளி படுக்கையில் இருந்தபடியே ஆற்றைப் பார்க்க வேண்டும். ஆகவே ஏக்கர்க் கணக்கைக் காப்பகத்தின் மொத்தப் பரப்போடு வைத்துப் பார்ப்பது மோசடி. கரையின் நீளத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். அதோடு கூடாரம் மட்டும் தனியாக நிற்பதில்லை. சமையற்கூடம், சலவை, கூடாரத்துக்கு ஒன்றாகச் சிறு நீச்சல் தொட்டி, ஊழியர் குடியிருப்பு, தண்ணீருக்கு வழி, கழிவுக்கு வழி, காய்கறியும் எரிபொருளும் ஏற்றிவரும் லாரிக்குத் தடம், இரவு முழுக்க வெளிச்சம் எல்லாம் சேர்ந்துதான் அது லாட்ஜ்.

இரண்டாவது, கென்ய வனவிலங்குத் துறை தந்த பதில். முகாம் இருக்கும் இடம் இடப்பெயர்ச்சிப் பாதையில் இல்லை, 1999 முதல் 2022 வரையிலான கண்காணிப்புத் தரவுகளின்படி விலங்குகள் எல்லையின் முழு அகலத்தையும் பயன்படுத்துகின்றன என்றது துறை. இந்த இரண்டு கூற்றையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தாலே போதும். முழு அகலமும் பாதை என்றால் அந்த அகலத்துக்குள் இருக்கும் ஒவ்வோர் இடமும் பாதைதான். வில்டபீஸ்ட் தார்ச்சாலையில் போகும் பேருந்து அல்ல. எங்கே மழை பெய்கிறதோ அங்கே திரும்பும். ஓராண்டு கிழக்கே கடக்கும், மறு ஆண்டு மேற்கே கடக்கும். அந்த அகலம்தான் அதன் உயிர்நாடி. ‘இந்தக் குறிப்பிட்ட இடம் பாதை இல்லை’ என்று ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனித்தனியாகச் சான்று கொடுத்துக்கொண்டே போனால், கடைசியில் எந்த விண்ணப்பமும் தவறாகத் தெரியாது, எல்லை நெடுக மட்டும் கட்டடம் நிற்கும்.

இனி, முக்கியமான வாதத்துக்கு வருவோம். விருந்தாளிகள் வண்டியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், வேட்டையாடுவதில்லை, ஒரு புல்லைக்கூடப் பிடுங்குவதில்லை, இதனால் விலங்குக்கு என்ன நஷ்டம் என்கிறார்கள். இதற்குச் சிவிங்கிப்புலிதான் (சீட்டா) பதில். சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் அஞ்சி வாழும் விலங்கு அது. பிடித்த இரையை அவை பறித்துக்கொள்ளும், குட்டிகளைக் கொன்றுபோடும். அதனால்தான் அவை ஓய்ந்திருக்கும் பகல் வேளையில், பெரும்பாலும் காலையிலும் மாலையிலும் வேட்டையாடப் பழகியிருக்கிறது. ஆண் துணை கிடையாது; தாய் மட்டுமே குட்டிகளைச் சுமார் ஒன்றரை ஆண்டு வளர்க்கிறது. ஒரு கெசல் மானைப் பிடிக்க அது புல்லுக்குள் பதுங்கிப் பதுங்கி நெருங்க வேண்டும். பாய்ச்சல் சில நூறு மீட்டர்தான் தாங்கும். பிடித்துவிட்டாலும் மூச்சிரைப்பு அடங்கும்வரை சாப்பிட முடியாது. இப்போது லாட்ஜின் நேர அட்டவணையை எடுத்துப் பாருங்கள். சபாரி வண்டிகள் விடியலில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை புறப்படுகின்றன. சிவிங்கிப்புலியின் வேட்டை நேரமும் விருந்தாளியின் சபாரி நேரமும் ஒன்றேதான். நூறு படுக்கை நிரம்பினால் வண்டிக்கு ஐந்து பேர் என்று வைத்தாலும் இருபது வண்டி. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்பது காப்பகத்தின் விதி. ஒரே ஓர் ஓட்டுநர் ரேடியோவில் ‘சிவிங்கிப்புலி, குட்டிகளோடு’ என்று சொன்னால் அந்த விதி எத்தனை நிமிடம் தாங்கும்? ஓட்டுநரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினால்தான் டிப்ஸ் என்று அவருக்குத் தெரியும். மான்கள் வண்டிச் சத்தத்தில் தலை தூக்கிவிடும், தாய் பதுங்கியிருந்த இடம் எல்லாக் கண்ணுக்கும் தெரிந்துவிடும், அன்றைய வேட்டை அதோடு போச்சு.

ஊகம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. சிவிங்கிப்புலி ஆய்வாளர் ஃபெம்கே புரூக்ஹைஸ் 2013க்கும் 2017க்கும் இடையில் மாராவில் திரட்டிய தரவுகளைக் கொண்டு 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன்படி, சுற்றுலா வண்டிகள் குறைவாக வரும் பகுதிகளில் ஒரு தாய், ஈற்றுக்குச் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்கியது. வண்டிகள் அதிகமாக வரும் பகுதிகளில் அந்த எண் 0.2. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வழக்கமான மறுப்பு உடனே வரும்: குட்டியைக் கொல்வது சிங்கம்தானே, வண்டி கொன்றதை யார் கண்டார்கள்? சிங்கம், கழுதைப்புலி அடர்த்தியையும் அவர் கணக்கில் எடுத்தே ஆராய்ந்தார். அவற்றால் அந்த வித்தியாசத்தை விளக்க முடியவில்லை. வண்டிச் சக்கரத்தில் குட்டி நசுங்கியதாக அவர் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. வேட்டை தவறிக்கொண்டே போனால் பால் குறையும். இடம் மாறிக்கொண்டே இருந்தால் குட்டி பின்தங்கும். சிவிங்கிப்புலிக் குட்டியின் படம்தான் லாட்ஜ் விளம்பரங்களில் முதல் பக்கத்தை அலங்கரிக்கிறது. எந்த விலங்கைக் காட்டிப் படுக்கையை விற்கிறார்களோ அந்த விலங்கின் குட்டிகளே அந்தப் படுக்கைகளின் நெருக்கடியால் வளர முடியாமல் போகின்றன. காசு கொண்டுவரும் விலங்கு பிழைக்கும் என்ற வாசகத்தை இதற்குப் பக்கத்தில் எப்படி வைக்க முடியும்? மாராவில் சிவிங்கிப்புலியைவிட அதிகம் காசு கொண்டுவரும் விலங்குகள் சொற்பம். ஆனாலும் எங்கே வண்டி குவிகிறதோ அங்கே அதன் குட்டி பெரும்பாலும் பிழைப்பதில்லை.

ஆற்றங்கரையிலும் இதே கதைதான். 2025 ஜூலையில் செரெங்கெட்டியின் வடக்கே சுற்றுலாப் பயணிகள் வண்டியை விட்டிறங்கிக் கரையில் கூட்டமாக நின்று, கடக்க வந்த வில்டபீஸ்ட்டுகளின் வழியை மறித்த காட்சி உலகமெங்கும் பரவியது. அதிகாரிகள் கண்டித்தார்கள். கண்டனத்துக்குப் பிறகு படுக்கைகளின் எண்ணிக்கை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அழிவுக்குக் காரணம் லாட்ஜ் இல்லை, கோதுமை வயலும் வேலியும்தான் என்று ஒரு வாதம் உண்டு. கோதுமை பற்றி மறுப்பதற்கில்லை. மாராவின் வடகிழக்கே லோயிட்டா சமவெளியில் இயந்திரச் சாகுபடி பரவியதும், அங்கே குட்டி ஈன்றுவந்த கென்யாவின் சொந்த வில்டபீஸ்ட் கூட்டம் 1977இல் சுமார் 1,19,000 ஆக இருந்தது 1997இல் 22,000 ஆகச் சரிந்தது. ஆனால் இது யாருக்கு எதிரான சாட்சி? அதே இருபது ஆண்டுகளில்தான் மாராவில் லாட்ஜுகள் பெருகின. 1977க்கும் 2016க்கும் இடையில் கென்யாவின் வனவிலங்கு சராசரியாக 68 சதவீதம் குறைந்ததாக ஜோசப் ஒகுட்டுவும் உடன் ஆய்வாளர்களும் கணக்கிட்டார்கள். கென்யச் சுற்றுலா வளர்ந்து பெருகிய காலமும் அதுவேதான். லாட்ஜ் வருமானம் காட்டைக் காக்கும் என்றால், அந்த வருமானம் கொட்டிய நாற்பதாண்டில் லோயிட்டாவின் ஓர் ஏக்கரையாவது அது உழவிலிருந்து மீட்டிருக்க வேண்டாமா? வெளியே நிலம் சுருங்கியது என்பதே உள்ளே கட்டடம் கூடாது என்பதற்கு வலுவான காரணம். மிஞ்சியிருப்பது இந்த ஒரு துண்டுதான்.

மாசாய் மக்களுக்குச் சோறு போடுவது சுற்றுலா என்பார்கள். காப்பகத்தைச் சுற்றி, மாசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தை வனவிலங்குக்காகக் குத்தகைக்கு விட்டிருக்கும் கன்சர்வன்சி என்ற பாதுகாப்புப் பகுதிகளில் அவர்களுக்குக் குத்தகைப் பணம் மாதாமாதம் போய்ச் சேர்வது உண்மை. அது ஏன் நடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓலாரே மோட்டோரோகி கன்சர்வன்சியில் 700 ஏக்கருக்கு ஒரு கூடாரம், மொத்தமே 94 படுக்கை என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். கட்டுப்பாடுதான் அங்கே விலங்கையும் வருமானத்தையும் ஒன்றாகக் காக்கிறது. அந்த வெற்றியைக் காட்டி, கட்டுப்பாடு நொறுங்கிக் கிடக்கும் காப்பகத்துக்குள் இன்னொரு முகாமுக்கு அனுமதி கேட்பது எந்த நியாயம்? காப்பகத்தின் நுழைவுக் கட்டணத்தை நரோக் மாவட்ட அரசு 2024இல் வெளிநாட்டவருக்கு, ஜூலை முதல் டிசம்பர் வரை, நாளொன்றுக்கு 200 டாலராக உயர்த்தியது. ஆட்களைக் குறைக்கவே இந்த உயர்வு என்றால் அடுத்த ஆண்டே புதிய படுக்கைகள் எதற்கு? எல்லைக்கு அப்பால் தான்சானியாவின் லோலியோண்டோவில் 2022 ஜூனில் 1,500 சதுர கிலோமீட்டரை வனவிலங்குக்கு என்று எல்லைக்கல் நட்டுப் பிரித்தபோது, அங்கே மாடு மேய்த்த மாசாய் குடும்பங்கள் துப்பாக்கிச் சூட்டுக்குப் பயந்து கென்யாவுக்கு ஓடின. வனவிலங்கின் பெயரால் வரும் காசு தங்களுக்கும் சேரும் என்று அந்தக் குடும்பங்களிடம் போய் யார் சொல்வது? 2020இல் பெருந்தொற்றில் விமானம் நின்றதும் மாரா கன்சர்வன்சிகளின் குத்தகைத் தொகையும் வெட்டுப்பட்டது. ஒரே வருமானத்தில் ஊரையும் காட்டையும் கட்டிவைப்பது எவ்வளவு ஆபத்து என்று அப்போதே தெரிந்துவிட்டது.

விலை கூடினால் கூட்டம் குறையும், ஆகவே சொகுசு முகாம்தான் நல்லது என்பது கடைசி வாதம். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோவில் குறைவான ஆட்கள், கூடுதல் விலை என்பது அரசின் கொள்கை. ஆனால் மாராவில் மலிவான முகாம்களை மூடிவிட்டுச் சொகுசு முகாம் வரவில்லை, அவற்றோடு கூடுதலாக வந்திருக்கிறது. அவ்வளவுதான் இதற்குப் பதில்.

நரோக் அரசு செய்ய வேண்டியது தன் சொந்தத் திட்டத்தை மதிப்பது: புதிய அனுமதி இல்லை, குத்தகைக் காலம் முடியும் ஆற்றங்கரை முகாம்களுக்குப் புதுப்பித்தல் இல்லை. அதுவரை, மாராவுக்குப் போக ஆசைப்படும் தமிழ் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பணம் கட்டும் முன் உங்கள் முகாம் காப்பகத்துக்குள் இருக்கிறதா, கன்சர்வன்சியில் இருக்கிறதா, ஒரு கூடாரத்துக்கு எத்தனை ஏக்கர் விட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறிடம் பாருங்கள். அங்கே போன பிறகு, ஒரு சிவிங்கிப்புலியைச் சுற்றி ஐந்து வண்டி ஏற்கெனவே நின்றால், நெருங்க வேண்டாம் என்று ஓட்டுநரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்பார், டிப்ஸ் கொடுக்கப்போவது நீங்கள்தான்.