அம்மாவுக்கு ஐந்து விநாடிகள்

வெள்ளவத்தையில் இருந்துகொண்டே என் தாயார் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். “றோட்டைத் தாண்டப் பயமாக் கிடக்கு, தம்பி” என்கிறார். காலி வீதியின் நடுவே நாங்கள் நிற்கும்போதே பச்சை விளக்கு அணைந்துவிடும்.

கணக்கு எளியது. சமிக்ஞை விளக்கின் நேரத்தை வகுப்போர், பாதசாரி விநாடிக்கு 1.2 மீற்றர் நடப்பார் என்றே பொதுவாகக் கொள்வர். 12 மீற்றர் வீதிக்கு 10 விநாடிகள். 0.8 மீற்றர் வேகத்தில் நடக்கும் முதியவருக்கோ 15 விநாடிகள் வேண்டும்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையில் 60 வயதும் அதற்கு மேற்பட்டோரும் 12.4 சதவீதத்தினர். அத்தொகை பின்னர் மேலும் கூடியுள்ளது.

விளக்கின் நேரத்தைக் கூட்டவும், நடைபாதையை முச்சக்கர வண்டிகளிடமிருந்து மீட்கவும் வெளிநாட்டுக் கடன் தேவையில்லை. அதிகாரிகள் ஒருமுறை தம் தாயாரின் கைபிடித்து அவ்வீதியைக் கடந்து பார்க்கட்டும்.