ஜன்னலுக்கு ஒரு துணைக்கதவு



தீபாவளிப் புகை அடங்குவதற்குள் தில்லியில் குளிர் வாசலுக்கு வந்துவிடுகிறது. பெட்டிகளிலிருந்து ரஜாய்கள் வெளியே வந்து மொட்டைமாடியில் வெயில் காய்கின்றன. ஜன்னல் இடுக்குகளில் பழைய துணியையும் செய்தித்தாளையும் திணிக்கும் வேலையும் அதே வாரத்தில் தொடங்குகிறது. கரோல்பாக், ஜங்புரா, ராஜேந்திர நகர், லோதி காலனி எனப் பழைய வீடுகளில் குடியிருப்பவர்கள் இந்தப் பருவத்தில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இந்த மர ஜன்னல்களைப் பெயர்த்து எடுத்துவிட்டு யுபிவிசி ஜன்னல் வைத்துவிடலாமா?

அவசரப்பட வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த மாதம் இந்தப் பக்கம். மரமோ இரும்போ, சட்டம் உறுதியாக இருக்கும் வரை பழைய ஜன்னல் அதன் இடத்திலேயே இருக்கட்டும். அதற்கு உட்புறமாக இரண்டாவது கண்ணாடி ஒன்றைச் சேருங்கள். செலவு குறையும், சுவரை உடைக்க வேண்டியதில்லை, வீட்டின் முகமும் மாறாது.

தில்லியின் பழைய ஜன்னலைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். வெளிப்பக்கம் திறக்கும் கண்ணாடிக் கதவு, நடுவில் இரும்புக் கம்பி, உள்பக்கம் திறக்கும் ஜாலிக் கதவு. மழைக்கும் புழுதிக்கும் கண்ணாடி, திருடனுக்குக் கம்பி, கொசுவுக்கு ஜாலி. அரசுக் குடியிருப்புகளிலும் தனியார் வீடுகளிலும் இரண்டு, மூன்று தலைமுறைகளாக இந்த அமைப்புதான். குளிருக்கு மட்டும் இதில் பதில் இல்லை. இருப்பது 3 அல்லது 4 மில்லிமீட்டர் கண்ணாடி ஒன்றே ஒன்று. அதையும் காய்ந்து உதிரும் பட்டிதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் இரண்டாவது கதவுக்கான சட்டமும் கீலும் ஏற்கெனவே இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். நம் வேலையில் பாதியை அந்தக் காலத்துத் தச்சரே முடித்துவைத்திருக்கிறார்.

ஜன்னலுக்குப் பருவந்தோறும் ஒரு அடுக்கைக் கூட்டிக் குறைப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. மின்விசிறி வருவதற்கு முன், வைகாசி வெயிலில் லூ காற்று வீசும்போது, வாசலிலும் ஜன்னலிலும் வெட்டிவேர்த் தட்டியைத் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள். அனல் காற்று அதன் வழியே குளிர்ந்தும் மணத்தும் உள்ளே வரும். பின்னால் வந்த கூலரும் அதே ஜன்னலில் அதே ஈரத்தட்டியோடுதான் உட்கார்ந்தது. வராந்தாவுக்கு மூங்கில் சிக், ஜன்னலுக்கு மேலே சஜ்ஜா. வெயில் காலத்துக்கு இத்தனை துணை செய்துகொடுத்த நாம், பனிக்காலத்துக்கு ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டோம். சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1944 மே 29 அன்று 47.2 டிகிரி செல்சியஸ் பதிவாகியிருக்கிறது. 2021 புத்தாண்டு தினத்தன்று அதே இடத்தில் 1.1 டிகிரி. இந்த இரண்டு எல்லைகளையும் ஒற்றைக் கண்ணாடி தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இரண்டாவது கண்ணாடி என்ன செய்கிறது? ரஜாயில் நமக்குச் சூடு தருவது பஞ்சு அல்ல, பஞ்சுக்குள் அசையாமல் நிற்கும் காற்று. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே சிக்கும் காற்றுக்கும் அதே வேலைதான். ஒரு சதுர மீட்டர் வழியாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதை யு மதிப்பு என்கிறார்கள். ஒற்றைக் கண்ணாடிக்கு அது ஏறத்தாழ 5.7. நடுவே காற்றடுக்கு விட்டு இன்னொரு கண்ணாடி சேர்ந்தால் ஏறத்தாழ 2.8, அதாவது பாதி. வெளியே 5 டிகிரி, அறைக்குள் 18 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் 8 டிகிரி வாக்கில் இருக்கும். இரண்டாவது கண்ணாடி போட்டதும் அறையைப் பார்த்த பக்கம் 13 டிகிரிக்கு ஏறும். ஜன்னலோரக் கட்டிலில் படுக்கும் தாத்தா, பாட்டிக்கு இந்த ஐந்து டிகிரி மிகப் பெரிய ஆறுதல். கண்ணாடியில் வியர்த்து வழிந்து சட்டத்தை உளுக்கவைக்கும் நீரும் குறையும்.

பழைய ஜன்னல்களைக் காப்பாற்றிவரும் ஸ்காட்லாந்தில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். மேலும் கீழுமாக ஏறி இறங்கும் பழைய சாஷ் ஜன்னல் ஒன்றை கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகத்தில் சோதித்து, அங்குள்ள தொல்கட்டடத் துறை 2008இல் முடிவுகளை வெளியிட்டது. கனமான திரைச்சீலை வெப்ப இழப்பை 14 சதவீதம் குறைத்தது. உட்புற மரக்கதவு 51 சதவீதம் குறைத்தது. உட்புறம் சேர்த்த இரண்டாவது கண்ணாடி 63 சதவீதம் குறைத்தது. ஜன்னல் பழையதுதான், மாறியது அதன் துணை மட்டும்.

இனி வேலைக்கு வருவோம். முதல் செலவு கண்ணாடிக்கு அல்ல, பழுதுபார்ப்புக்கு. உதிர்ந்த பட்டியை எடுத்துப் புதிதாக வையுங்கள், தளர்ந்த கீலை முடுக்குங்கள், இரும்புச் சட்டமாக இருந்தால் துருவைத் தேய்த்து ரெட் ஆக்சைடு பூசுங்கள். கதவு சட்டத்தோடு சேரும் ஓரங்களில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். சில நூறு ரூபாயில் முடியும் இந்த வேலைக்கே குளிர்காற்றின் பெரும்பகுதி நின்றுவிடும். பலருக்கு இதுவே போதுமானதாகவும் இருக்கும்.

அடுத்தது ஜாலிக் கதவு. பனிக்காலத்தில் கொசு குறைவு. அந்த மூன்று மாதங்களுக்கு ஜாலியின் மேல் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட்டைத் திருகாணியாலோ காந்தப் பட்டையாலோ பொருத்திவிட்டு, ஹோலிக்குப் பிறகு கழற்றி வைத்துவிடலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் மிகப் பொருத்தம், வீடு மாறும்போது கையோடு எடுத்துப் போகலாம். அக்ரிலிக்கின் எடை கண்ணாடியில் பாதிதான், பழைய கீல் அதைத் தாங்கும். அதே சமயம் அது வெப்பத்தில் கண்ணாடியைவிடப் பல மடங்கு விரியும். ஒரு மீட்டர் ஷீட் 40 டிகிரி ஏற்ற இறக்கத்தில் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் நீளும். ஓரத்தில் அந்த இடைவெளியை விடச் சொல்லுங்கள், இல்லையென்றால் வளைந்துவிடும். அக்ரிலிக் எரியும் பொருள், ஆகவே அடுப்பங்கரைக்கு வேண்டாம். உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் கீறல் விழும்.

சொந்த வீடு என்றால் நிரந்தரமாகவே செய்யலாம். ஜாலிக் கதவு போலவே இன்னொரு கதவைக் கண்ணாடியோடு செய்து, பருவத்துக்கு ஏற்ப மாற்றி மாட்டிக்கொள்வது ஒரு வழி. ஜன்னலின் உள்விளிம்பில் அலுமினியம் அல்லது யுபிவிசி ஸ்லைடிங் சட்டம் பொருத்தி, 5 மில்லிமீட்டர் டஃபன்டு கண்ணாடி போடுவது இன்னொரு வழி. அளவெடுக்கும்போது மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடங்களில் எடுத்து, அவற்றில் சிறியதை மிஸ்திரியிடம் சொல்லுங்கள். பழைய சட்டம் எதுவும் நேர்க்கோணத்தில் இருப்பதில்லை. உள்கதவு இறுக்கமாக மூட வேண்டும், வெளிக்கதவில் சிறிது கசிவு இருக்கலாம். அப்போதுதான் நடுவே போகும் ஈரம் வெளியே தப்பிக்கும்.

ரிங் ரோடு ஓரத்திலும் வசந்த் குஞ்ச் பக்கமும் இருப்பவர்களுக்குக் குளிரைவிட இரைச்சல்தான் பெரிய தொல்லை. குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபலுக்கு மேல் கூடாது என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். விமானநிலையத்தின் மூன்றாவது ஓடுபாதை 2008இல் திறந்த பிறகு அந்தப் பக்கத்துக் குடியிருப்போர் தூக்கம் கெட்டதாக முறையிட்டு வருகிறார்கள். வெப்பத்துக்கு, இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே 15 முதல் 20 மில்லிமீட்டர் இடைவெளி போதும். ஒலிக்கு 100 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். பழைய வீடுகளுக்கு வாய்த்த வசதி இங்கேதான் இருக்கிறது. 9 அங்குலம், சில இடங்களில் 13½ அங்குலம் என்று சுவர் கனமானது. அந்த ஆழத்தில் நான்கைந்து அங்குலம் தள்ளி உள்கண்ணாடியை நிறுத்தத் தாராளமாக இடம் உண்டு. புது யுபிவிசி ஜன்னலின் இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே இவ்வளவு இடைவெளி கிடைக்காது. வெளியே 4 மில்லிமீட்டர் என்றால் உள்ளே 6 மில்லிமீட்டர் லாமினேட்டட் கண்ணாடி வையுங்கள். கனம் வேறுபட்டால், ஒன்று விடும் சத்தத்தை மற்றொன்று தடுக்கும்.

வெயில் காலத்தைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஏ.சி. ஓடும் அறைக்கு உள்கண்ணாடி உதவும், லூவின் புழுதியையும் தடுக்கும். ஆனால் நேர் வெயிலை அது நிறுத்தாது. மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளியே சிக்கோ வெட்டிவேர்த் தட்டியோ கட்டத்தான் வேண்டும். கூலர் வைத்திருப்பவர்கள் உள்கதவைத் திறந்தே வைக்க வேண்டும், காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் கூலர் அறையைப் புழுங்கவைத்துவிடும். அதனால்தான் கழற்றவோ திறக்கவோ முடியாத எந்த உள்கண்ணாடியையும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

திறக்க முடிய வேண்டும் என்பதற்கு அதைவிட முக்கியமான காரணமும் உண்டு. ஒவ்வொரு பனிக்காலத்திலும் மூடிய அறையில் கரி அங்கீட்டியை வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் இறந்துபோன செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஜன்னலை இறுக்கிய வீட்டில் அங்கீட்டி கூடவே கூடாது. கேஸ் கீசர் உள்ள குளியலறையில் வெளிக்காற்று வரும் வழியை ஒருநாளும் அடைக்காதீர்கள். தீ விபத்து என்றால் வெளியேறும் ஜன்னலாக ஒன்றாவது, கம்பி உட்பட, உள்ளிருந்து திறக்க வேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தை 90 பிபிஎம் அளவுக்குள் நிறுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே உலர்வாகச் சுரண்டாமல் நனைத்துத் தேயுங்கள், குழந்தைகளை அப்போது அந்த அறைக்குள் விடாதீர்கள்.

நவம்பர் புகையையும் இதோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். பிஎம் 2.5 நுண்துகளுக்கு நம் நாட்டின் 24 மணிநேர வரம்பு ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். இந்தப் பருவத்தில் தில்லி அதைப் பல மடங்கு தாண்டுகிறது. இடுக்கு அடைபட்ட அறையில் காற்றுச் சுத்திகரிப்பான் ஒழுங்காக வேலை செய்யும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் படுக்கும் அறையிலிருந்து இந்த வேலையைத் தொடங்குங்கள். அந்த அறையிலும், புகை குறைவாக உள்ள நேரம் பார்த்து, நாளுக்கு ஒருமுறை ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

அரசுக் குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் சட்டத்தில் துளை போடும் முன் என்கொயரி ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். காந்தப் பட்டை முறைக்குத் துளையே தேவையில்லை. பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடம் என்றால் வெளிமுகத்தை இஷ்டப்படி மாற்ற முடியாது. உட்புறக் கதவு வெளிமுகத்தைத் தொடுவதே இல்லை.

பழைய ஜன்னலுக்காக நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. அவற்றில் பல இமயத்துத் தேவதாரு மரத்தாலானவை. காடுகளைக் காக்க 1993இல் மத்திய பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரத்தையே தடை செய்தது; அந்தத் தடை 2020இல்தான் நீங்கியது. அப்படிப்பட்ட மரத்தைப் பழைய விறகு விலைக்குக் கபாடியிடம் போடுகிறோம். சரோஜினி நகர், நேதாஜி நகர் முதலான ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்ட மத்திய அமைச்சரவை 2016இல் ஒப்புதல் தந்தது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறையாக வாழ்ந்த வீடுகள் அவற்றிலும் இருந்தன. அங்கே முடிவு நம் கையில் இல்லை. மிஞ்சிய வீடுகளில் முடிவு நம் கையில் இருக்கிறது. வீடுகளுக்கான எரிசக்திச் சேமிப்பு விதித்தொகுப்பாக 2018இல் வந்த எகோ நிவாஸ் சம்ஹிதா புதிதாகக் கட்டும் வீடுகளைப் பற்றியே பேசுகிறது. பழைய வீட்டுக்காக அதில் குடியிருக்கும் நாம்தான் பேச வேண்டும்.

மார்கழி பிறக்க இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. எல்லா ஜன்னல்களுக்கும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். வீட்டிலேயே அதிகம் குளிரும் அறையில் ஒரே ஒரு ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள். பட்டி வைத்து, ரப்பர் ஒட்டி, உள்கதவு ஒன்று மாட்டி, இந்த ஒரு பனிக்காலம் பாருங்கள். பலன் என்ன, செலவு எவ்வளவு, மிஸ்திரி எங்கே தடுமாறினார் என்று பங்குனியில் எங்களுக்கு எழுதுங்கள். அந்தக் கடிதங்களைத் தொகுத்து அடுத்த குளிருக்கு முன் வெளியிடுகிறோம். பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்கள் அனுபவம் எங்கள் கட்டுரையைவிட அதிகம் பயன்படும்.

அன்புடன்,
ஆசிரியர்